கனடா மாமியின் சோடி

எங்கள் ஒழுங்கையில் ஓகஸ்ட் மாதத்தில் செய்திக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும். கோயிலில் திருவிழா நடக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் சூட்கேசுகளையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். யாழ்ப்பாண நகரத்துக்குள்தான் நாங்கள் இருந்தோம் என்றாலும், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார், எந்தப் பக்கம் நாளைக்கு மின்சாரம் நிற்கும், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதையெல்லாம் பத்திரிகை பார்த்து நாங்கள் அறிந்ததில்லை. அதற்கு மாமா இருந்தார்.

மாமா என் அம்மாவின் அண்ணன். எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தின் செயலாளர். நிலையத்தின் கூரையில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. அதற்குரிய மைக்கை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார். வீட்டில் கதைக்கும்போது சாதாரண மனிதர்தான். மைக்கைப் பிடித்துவிட்டால் தமிழ் வேறாகிவிடும். "இடது காலுக்குரிய செருப்பொன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் வலது காற்செருப்புடன் வந்து, அடையாளங் காட்டிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பார். காணாமற்போன ஆட்டுக்கும் இதே குரல், செத்துப்போன ஆளுக்கும் இதே குரல். முதல் நான்கு சொல்லும் காதில் விழும்வரைக்கும் நாங்கள் துக்கப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்போம்.

மைக் இல்லாமலே மாமா ஒழுங்கை முழுக்க அறிவித்த செய்தியும் ஒன்று உண்டு. அது சின்னம்மாவின் மாப்பிள்ளை பற்றியது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை, முன்பள்ளி ஆசிரியை. எனக்கு நினைவு தெரியாத காலத்தில் அவருக்கும் கொடிகாமத்தைச் சேர்ந்த ஒருவருக்கும் வீட்டிலேயே கலியாண எழுத்து நடந்தது. பதிவுக்காரர் வந்து இருவரிடமும் ஒப்பம் வாங்கினார். நெருங்கிய ஆட்கள் மட்டும் சாப்பிட்டுப் போனார்கள். தாலி கட்டுவதைப் பிறகு பெரிதாகச் செய்யலாம் என்று இருந்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை சுவிஸ் போய்விட்டார். அங்கே அவருக்கு விசா சரிவந்ததும் சின்னம்மாவைக் கூப்பிடுவார் என்பது ஏற்பாடு. மாமா அந்தச் செய்தியைக் கொஞ்சம் முன்கூட்டியே சரிவர வைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு அங்கே விசா கிடைத்துவிட்டது, நல்ல உத்தியோகம், வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சலூனிலும் பலசரக்குக் கடையிலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. வருடா வருடம் மாப்பிள்ளையின் உத்தியோகம் உயர்ந்துகொண்டுதான் போனது.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் யார் யாரோ வந்து இறங்குவார்கள். அவர் மட்டும் வரமாட்டார். "என்ன பிள்ளை, இந்த முறையும் அவர் வரேல்லையோ?" என்று வழியில் மறித்துக் கேட்பவர்களுக்குச் சின்னம்மாவிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. "லீவு கிடைக்கேல்லை. அடுத்த வருசம் கட்டாயம் வருவார்." அதைச் சொல்லும்போது அவர் நடையை நிறுத்துவதில்லை. நான் சொல்லவந்த அந்த வருடம் சில மாதங்களாகத் தொலைபேசி அழைப்பும் நின்றுபோயிருந்தது என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரில் தொங்கிய படம்தான். கன்னம் உப்பிய, அடர்ந்த மீசையும் தலை நிறைய முடியும் உள்ள ஒருவர் அதில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. என் கவலை வேறு. நிலையத்தின் விளையாட்டுப் போட்டி வருகிறது. அதில் வினோத உடைக்கு முதற்பரிசு எடுக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் வினோத உடைப் போட்டி நடக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மற்றப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். இதற்கு ஒன்றும் இல்லை. யார் வருவார், என்ன வேசத்தில் வருவார், எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. சாக்கோட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் வெட்ட வந்தவர் ஒருவர் ஏணியோடு நுழைந்து ஒலிபெருக்கி வயரில் கைவைப்பார். தலைவர் ஓடிப்போய்க் கெஞ்சிய பிறகுதான் அது மூன்றாம் வீட்டு அண்ணை என்று தெரியவரும். ஒரு முறை சாராய வெறிகாரன் வேசத்தில் தள்ளாடி வந்தவர் பிரதம விருந்தினரின் மடியிலேயே விழுந்தார், அவருக்குத்தான் முதற்பரிசு. முடிவு அறிவிக்கும்வரைக்கும் வேசத்தைக் கலைக்கக்கூடாது, சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. எவ்வளவு நேரம் சனத்தை ஏமாற்றுகிறோமோ அவ்வளவுக்குப் புள்ளி. ஆகவே மைதானத்துக்குள் அன்றைக்கு நுழைகிற எந்தப் புதுமுகத்தையும் சனம் முதலில் பார்த்துச் சிரிக்கும். பிறகுதான் யாரென்று யோசிக்கும்.

என்னைக் கனடா மாமியாகப் போகச் சொன்னது சின்னம்மாதான். வசனமும் அவரே எழுதித் தந்தார். மாமாவின் கறுப்புக் கண்ணாடி, மச்சாளின் காற்சட்டை, அம்மாவின் தொப்பி, உதட்டுச் சாயம், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், முகம் துடைக்கக் கத்தையாகக் கடதாசி. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முயல் காதும் கிளி மூக்கும் ஒட்டிப் பழகிய கை என்பதால், கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு அச்சாகக் கனடா மாமியாக இருந்தேன். சின்னம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்து, "இந்தச் செருப்பின்ரை குதி மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் விமானச் சீட்டே தருவாங்கள்" என்றார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

போட்டியன்று சோளகக் காற்று மைதானத்துப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தேசிக்காய் கரண்டி ஓட்டம் முடிந்தது. பணிஸ் சாப்பிடும் போட்டி முடிந்தது. யானைக்குக் கண் வைத்தலில் ஒரு ஆசிரியர் யானையின் வாலுக்குக் கீழே கண் வைத்தார். கயிறிழுத்தலுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் குடை பிடித்துக்கொண்டு நடு மைதானத்துக்குள் நடந்தேன்.

நன்றாகத்தான் செய்தேன். அதை மற்றவர்களும் இன்றுவரை சொல்கிறார்கள். "ஓ மை கோட், என்ன வெக்கை இது! எப்பிடித்தான் இஞ்சை இருக்கிறியளோ!" என்றேன். கதிரையைக் கடதாசியால் துடைத்துவிட்டு இருந்தேன். ஐஸ்பழத்தைப் பார்த்து, இது கொதிக்கவைத்த தண்ணீரில் செய்ததோ என்று கேட்டேன். உண்மையான கனடா மாமிமார் பந்தலுக்குள் இருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாமா மைக்கோடு ஓடிவந்தார். என்னை அவருக்குத் தெரியாதென்று இல்லை; ஆனால் அறிவிப்பாளர் பாவனை செய்யவேண்டும் என்பது முறை.

"வருகை தந்திருக்கும் அம்மணி அவர்களே, தாங்கள் தனியாகவா வந்திருக்கிறீர்கள்? தங்கள் கணவர் வரவில்லையா?"

சின்னம்மா எழுதித் தந்த வசனங்களில் இதற்கும் ஒரு பதில் இருந்தது. எத்தனையோ முறை பாடமாக்கிய பதில். நான் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "இவருக்கு லீவு கிடைக்கேல்லை. அடுத்த வருசம் கட்டாயம் வருவார்" என்றேன்.

அந்தச் சொல் ஒலிபெருக்கியில் போய் முடிகிற நேரம், மைதானத்தின் படலையைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

அந்த வெயிலில் தடித்த கறுப்பு யக்கெற் போட்டிருந்தார். முன்தலை வழுக்கை, பல நாள் தாடி, காலில் கனத்த சப்பாத்து. கையில் ஒரு சின்னப் பை; அதன் பிடியில் விமானத்தில் கட்டிவிடுகிற வெள்ளைத் துண்டு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சனத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மைதானம் ஒரு கணம் அவரைப் பார்த்தது. பிறகு நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத ஒரு சிரிப்பு எழும்பியது. கனடா மாமியின் புருசன் வந்துவிட்டார்! சொன்ன வாய் மூடவில்லை, லீவு கிடைத்து வந்துவிட்டார்! இப்படிக் கச்சிதமாக நேரம் பார்த்து நுழைந்த சோடி வேசத்தை எங்கள் நிலையம் கண்டதே இல்லை.

அவர் சித்தப்பா. சின்னம்மாவின் கணவர். சுவிசில் அவருக்கு விசா சரிவரவேயில்லை. கடைசியில் பிடித்து விமானம் ஏற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறார். வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கியது, ஒழுங்கையில் ஒரு குஞ்சும் இல்லை. ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் கேட்க, அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் அவரை எனக்குத் தெரியாது. எழுத்தன்று மட்டும் கண்ட ஒழுங்கைக்காரருக்கும் தெரியவில்லை. மைக்கோடு நின்ற மாமாவுக்கும், பந்தலுக்குள் இருந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. பெண்கள் பக்கத்துக் கதிரையில் இருந்த சின்னம்மாவுக்கு மட்டும், படலையிலிருந்து அவர் வைத்த இரண்டாம் அடியிலேயே தெரிந்துவிட்டதாம். முகம் மாறும், உடம்பு வற்றும், நடை மாறாது என்று சொன்னார்.

மாமா அவரிடம் ஓடினார். அன்றைக்கு மாமாவுக்கு உற்சாகம் கரைபுரண்டது.

"வாருங்கள் ஐயா, வாருங்கள்! லீவு கிடைத்துவிட்டதா?"

அவர் மைக்கைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

சிரிப்பு.

"எவ்வளவு காலத்துக்கு லீவு?"

"இனிப் போறேல்லை."

கைதட்டு. அவர் அதைச் சொன்ன விதம், ஒரு துளி நடிப்பும் இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு. அதுதான் திறமை என்று நடுவர்கள் பின்னர் சொன்னார்கள்.

"உறவுகளுக்கு என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்? சொக்கிலேற்றா? வாசனைத் திரவியமா?"

அவர் தன் பையைக் குனிந்து பார்த்தார். "ஒண்டும் கொண்டரேல்லை."

பந்தல் அதிர்ந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் வாய் திறந்து இப்படிச் சொன்னதை அந்தச் சனம் கேட்டதில்லை. எனக்கு அருகில் நின்ற ஒரு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"அப்படியானால் யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

"என்ரை மனுசியை."

மாமா என்னை இழுத்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இவர்தானே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பத்து நாளாகப் பாடமாக்கி, உதட்டுச் சாயம் பூசி, நான் எடுத்து வைத்திருந்த சிரிப்பையெல்லாம் எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர் நாலு சொல்லில் அள்ளிக்கொண்டு போகிறார். ஒரு வசனம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. நான் வேசத்தை மறந்து, சொந்தக் குரலில் கத்தினேன்.

"எனக்கு இவரை ஆரெண்டே தெரியாது!"

அதுவும் வசனம் என்று நினைத்து மைதானம் உருண்டது. மாமா கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கிவிட்டு, செருப்புக்கும் ஆட்டுக்கும் வைத்திருந்த அந்தக் குரலை எடுத்தார்.

"அறிவித்தல். வெளிநாட்டிலிருந்து வருகை தந்த கணவர் ஒருவர் நமது மைதானத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளார். உரியவர் முன்வந்து, அடையாளங் காட்டிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

பெண்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். "நீ போவன்." "எனக்குக் கிடக்கிறதே போதும்." சித்தப்பா அந்தக் கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அவருடைய பார்வை நின்றது. நானும் பார்த்தேன். சின்னம்மா மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சிரிக்காமல், எழும்பாமல் இருந்தார். எனக்காகத்தான் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒருவரும் வரவில்லை. சித்தப்பா திரும்பி, மாமாவுக்கு மட்டும் கேட்கத்தக்கதாக, "மச்சான், என்னைத் தெரியேல்லையே?" என்றார்.

மைக் கிட்ட இருந்ததால் அது சனத்துக்கும் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவருடைய வாய் திறந்தபடி நின்றது. ஒலிபெருக்கி கூவென்று இரைந்தது. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லில்லாமல் நின்றதை எங்கள் பகுதி அன்றைக்கு மட்டும்தான் கண்டது. பிறகு உரத்த குரலில், "அடுத்த நிகழ்ச்சி, பணிஸ் சாப்பிடும் போட்டி!" என்றார்.

"அது முடிஞ்சுதெல்லோ அண்ணை, பணிசும் முடிஞ்சுது" என்று பந்தலுக்குப் பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

முடிவு வரும்வரைக்கும் வேசக்காரர்கள் வேப்பமரத்துக்குக் கீழே கிடந்த ஒரு மர வாங்கில் இருக்கவேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு ஊசி போடுகிற டொக்டரும் உடம்பெல்லாம் வாழைச்சருகு கட்டிய ஒரு கரடியும் இருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் அவர்களுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

"தண்ணி கொஞ்சம் தாறியோ பிள்ளை?"

அது என்னுடைய வேசத்துக்கான போத்தல். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார். அப்போதுதான் அவரைக் கிட்டத்தில் பார்த்தேன். சப்பாத்தின் குதி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. யக்கெற்றின் கழுத்தில் உண்மையான அழுக்கு. பையில் கட்டியிருந்த துண்டு உண்மையான துண்டு. வேசத்துக்காகச் செய்த எதுவும் அவரிடம் இல்லை.

"உங்களுக்கு ஆர் உடுப்புப் போட்டுவிட்டது?"

"ஒருத்தருமில்லை. இது என்ரை உடுப்புத்தான்."

எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். பரிசு நிச்சயம் என்று துள்ளிக்கொண்டு நடுவர் மேசைக்கு ஓடினேன். அங்கே இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் ஒருவரும், பந்தல் போட உதவிய லண்டன்காரர் ஒருவரும், எங்கள் பகுதி விதானையாரும் இருந்தார்கள். விதானையார் என்றால் வீட்டுக்கு வீடு யார் யார் இருக்கிறார்கள் என்று பதிந்து வைத்திருக்கிற அரசாங்க உத்தியோகத்தர்.

"ஐயா, அவர் வேசம் போடேல்லை. அது அவரின்ரை சொந்த உடுப்பு. வேசம் போடாத ஆளுக்குப் பரிசு குடுக்கேலாது."

அதிபர் சிரித்தார். லண்டன்காரரும் சிரித்தார். விதானையார் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை சொல்லுறதும் சரிதான். உவர் ஆர்? எங்கடை பகுதி ஆள் மாதிரித் தெரியேல்லையே. எங்கையோ கண்ட முகம் மாதிரியும் கிடக்கு. பொறுங்கோ, ஒருக்கால் விசாரிச்சுக்கொண்டு வாறன்."

அவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். நான் வெற்றியோடு நின்றேன். அப்போது என் மணிக்கட்டை ஒரு கை வந்து பிடித்தது. நோகப் பிடித்தது. சின்னம்மா.

"இருங்கோ ஐயா" என்றார் சின்னம்மா. மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கவேண்டும். "அவர் எங்கடை ஆள்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வேசம் பழகினவை. நான்தான் இரண்டு பேருக்கும் உடுப்புப் போட்டுவிட்டனான்."

"அப்ப பிள்ளை தெரியாதெண்டுது?"

"அதுவும் நான் எழுதிக் குடுத்த வசனம்தான்."

விதானையார் சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வேப்பமரத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த நேரம் ஏதாவது விளங்கியதோ என்னவோ, அதை அவர் இறக்கும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. "அப்படியெண்டால் சரி" என்று சொல்லிக் கதிரையில் இருந்துகொண்டார்.

என் சின்னம்மா பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயில் இனிப்பை ஒளித்துவைத்துக்கொண்டு இல்லையென்கிற பிள்ளையைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிற ஆசிரியை அவர். எனக்கு அழுகை வந்தது. "என்ன சின்னம்மா உது? பொய்யெல்லோ சொன்னனீங்கள்?" என்றேன். "கதையாதை" என்றார். கையை விடவில்லை.

முதற்பரிசு சோடிக்குக் கிடைத்தது. ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஒரே ஒரு போத்தல், இரண்டு பேருக்கு. படம் எடுக்கும்போது ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவரும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டி வந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கமெராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்க்கிறார். சனம் எழும்பி நின்று தட்டியது. மாமாவும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

மைதானம் கலைந்தபோது சின்னம்மா அவரிடம் போனார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் போனார். "வாங்கோ, வீட்டை போவம்" என்றார். அவ்வளவுதான். வேசம் போட்டவருக்குச் சாப்பாடு கொடுக்கக் கூட்டிப்போகிறார் என்று ஒழுங்கை நினைத்தது. வழியெல்லாம் அவருடைய முதுகில் தட்டினார்கள். "நல்லாச் செய்தனீங்கள்." "ஒண்டும் கொண்டரேல்லை எண்டு ஒரு போடு போட்டியள் பாருங்கோ!" அவர் எல்லாருக்கும் தலையை ஆட்டிக்கொண்டு சின்னம்மாவுக்குப் பின்னால் நடந்தார்.

வீட்டுக்குள் வந்து படலையைச் சாத்தியதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மாமா முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், அவர் இன்னும் அதே யக்கெற்றோடு கதிரை நுனியில் இருக்கிறார்.

"போட்டி முடிஞ்சுது. நீங்களும் உடுப்பை மாத்துங்கோவன்" என்றேன்.

"மாத்த வேறை இல்லைப் பிள்ளை" என்றார் அவர்.

மாமா உள்ளே போய்த் தன்னுடைய சாரம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளு மச்சான். மொட்டை விழுந்திட்டுதெல்லோ, எனக்குத் தெரியேல்லை" என்றார். அம்மா அழுகையின் நடுவில் சிரித்துவிட்டார். அவர்தான் சித்தப்பா என்று அம்மா எனக்குச் சொன்னார். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், நம்பவில்லை.

சின்னம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார். பிறகு பல நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவுமில்லை. எத்தனை மாதமாக ஒரு அழைப்பு இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் கோபம் சோறு போட்டதோடு போய்விடவில்லை. இடியப்பத் தட்டை அவர் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே அது எங்களுக்குக் கேட்கும்.

செய்தி ஒழுங்கைக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த கிழமையே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கமாக இப்படி ஒருவர் வந்து இறங்கினால் எங்கள் ஆட்கள் நலம் கேட்க வருவார்கள். வந்து இருந்து, "ஐயோ, இவ்வளவு காலமும் இருந்து ஒண்டுமில்லாமலே வந்தனீங்கள்?" என்று தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கொழும்பிலேயே இருந்துவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் அதைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை மைக்கிலேயே கேட்டாகிவிட்டது, அவர் பதிலும் சொல்லிவிட்டார், அதற்கு எழும்பி நின்று கைதட்டியும் விட்டார்கள். ஆகவே வாழைக்குலையும் பப்பாசிப்பழமுமாகக் கொண்டுவந்து தந்துவிட்டு, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். மாமாவிடம் மட்டும், மாப்பிள்ளையின் உத்தியோகம் என்ன ஆயிற்று என்று சலூனில் யாரோ கேட்டார்களாம். மாமா அந்தச் சலூனை விட்டு வேறு சலூனுக்கு மாறிவிட்டார்.

தை மாதம் தாலி கட்டினார்கள். சித்தப்பா இப்போது விடிய எழும்பிக் கொடிகாமம் சந்தையில் மரக்கறி எடுத்து, நகரத்துக் கடைகளுக்குப் போடுகிறார். அவர்களுக்கு ஒரு மகன். எந்த விளையாட்டுப் போட்டிக்கும் சித்தப்பா போவதில்லை. கேட்டால், வியாபாரம் கிடக்கு என்பார்.

போன ஓகஸ்டில் நானும் சின்னம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டு ஒழுங்கையால் நடந்து வந்துகொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் கேட்டேன். "அண்டைக்கு மாமா மைக்கிலை கூப்பிடேக்கை நீங்கள் ஏன் சின்னம்மா எழும்பேல்லை? கண்டனீங்கள்தானே?"

சின்னம்மா நடையை நிறுத்தவில்லை. "எழும்பத்தான் நினைச்சனான்" என்றார். "நான் எழும்பியிருந்தால் சனம் சிரிக்கிறதை நிப்பாட்டிப்போட்டுத் தலையைச் சரிச்சு அவரைப் பாத்திருக்குமெல்லோ."

மிச்ச வழி முழுக்க நான் அந்த மைதானத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவரைப் பார்த்துச் சனம் சிரிப்பதை நிறுத்தவேண்டும் என்று அன்றைக்கு அங்கே விரும்பிய ஒரே ஆள் நான்தான். அதற்காகத்தான் நடுவர் மேசைக்கு ஓடினேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு, அவரைத் திரும்பிப் பார்த்திருந்தால், பரிசு எனக்குக் கிடைத்திருக்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.